காயாத காகிதப் பந்துகள்

எனக்கு ஒரு கேள்வி மண்டைக்குள் புகுந்துவிட்டால், அடுப்பில் வைத்தது தீய்ந்து நாற்றமெடுத்தாலும் தெரியாது. இதற்காக அம்மாவிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்குத் துணிக்கடை. கடைக்கு மேலேதான் வீடு. வைகாசிப் பௌர்ணமி நெருங்கினால் எதிர்ச்சாரியில் இருந்த சிங்களக் குடும்பம் வெசாக் பண்டிகைக்கு விளக்குக்கூடு கட்ட உட்கார்ந்துவிடும். மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டி அதன்மேல் மெல்லிய வர்ணத்தாளை ஒட்டுவார்கள். நட்சத்திரம் வரும், தாமரை வரும், எட்டு மூலைக் கூடு வரும். எல்லாம் மூலை மூலையாகத்தான் இருக்கும். உருண்டையாக ஒன்றுகூட இருக்காது. ஏன் இல்லை என்று சன்னல் கம்பியில் தொங்கியபடி யோசிப்பேன்.

ஒரு நாள் கடையிலிருந்து தாள் ஒன்றை எடுத்து ஓர் ஆரஞ்சுப் பழத்தின்மேல் சுற்றிப் பார்த்தேன். எப்படிச் சுற்றினாலும் எங்காவது சுருக்கம் விழுந்தது. அதை நீவினால் வேறு பக்கம் போய் விழுந்தது. ஒரு பக்கமாக வளையச் சொன்னால் தாள் வளைகிறது, எல்லாப் பக்கமும் சேர்ந்து வளையச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது. காரணம் என்னவென்று அப்பாவிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்றார். அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணமாகிப் போன இடம் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே மருந்து கலந்து கொடுக்கிறவர். பெரிய டாக்டர் எப்போதாவது குதிரையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் இவர்தான் டாக்டரையா. அந்தக் கணக்கில் நான் டாக்டரம்மா. எனக்குத் தெரிந்த மருந்து சுக்குக் கஷாயம் ஒன்றுதான். மருந்துக் காம்பரா என்று எல்லோரும் சொல்லும் அவருடைய மருந்து அறை எங்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. தாய்மார் கூடையைக் கட்டிக்கொண்டு மலையேறிய பிறகு, வேலைக்குப் பேர் பதிகிற வயது வராத பிள்ளைகள் அதன் வராந்தாவில் வந்து கூடிவிடுவார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது. அவர்கள் போடும் கூச்சல் எனக்குப் பிடிக்கும். பத்து நிமிஷம் பிடிக்கும், பிறகு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். என்னிடம் திட்டு வாங்கிவிட்டு மறுநாளும் வருவார்கள்.

அந்த வருஷம் தை பிறந்ததும் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவைப் பற்றிப் பேச்சு வந்தது. பந்தலுக்கு என்ன அலங்காரம் என்று பெரிய கங்காணி எங்கள் வாசலில் நின்று இவரிடம் பேசிக்கொண்டிருந்தார். தோரணம், தென்னங்குருத்து என்று பழைய சங்கதிகளையே அடுக்கினார். நான் உள்ளேயிருந்து வாயை விட்டேன். உருண்டையான காகிதப் பந்துகள் செய்து தொங்கவிடலாமே என்றேன்.

"காயிதத்துல பந்தாங்கம்மா?" என்று அவர் சிரித்தார். "உள்ள மூங்கி சட்டம் வேணுமே."

"சட்டம் இல்லாமலே செய்யலாம்."

"செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

அது போதாதா எனக்கு? இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு மாசத்துக்கு வீட்டில் ஒழுங்காகச் சோறு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

வராந்தாவுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் புதிது. எட்டு வயது இருக்கும். மார்கழியில் கங்காணி கடலுக்கு அக்கரை ஊரிலிருந்து கூட்டி வந்த ஆட்களோடு வந்தவள். தாய், தகப்பன், இவள் என்று மூன்று பேர் வந்தார்கள். நான்காவதாக வர வேண்டியவள் இவளுடைய தங்கை. கப்பலேற்றுவதற்கு முன் எல்லோரையும் முகாமில் நிறுத்தி நோய் பார்ப்பார்கள். அங்கே அந்தச் சின்னவளுக்கு அம்மை போட்டுவிட்டது. முகாம்காரர்கள் அவளை விடவில்லை. கங்காணியின் கூட்டம் காத்திருக்க முடியாது. தகப்பனின் அக்காவைச் சின்னவளுக்குத் துணையாக விட்டுவிட்டு இவர்கள் மூவரும் கப்பலேறிவிட்டார்கள். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து இங்கே வரைக்கும் நடைதான். அந்தத் தாய் வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

அடுத்த கூட்டத்தோடு சின்னவளை அனுப்பி வைப்பதாகக் கங்காணி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தாய் இருந்தாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும், கூடை முதுகில் இருக்கும்போதே மருந்துக் காம்பரா சன்னலுக்கு வருவாள். முகாம் என்றால் நோய், நோய் என்றால் டாக்டரையாவுக்குத் தெரியாமல் இருக்காது என்பது அவள் எண்ணம்.

"ஐயா, ஏதும் சேதி வந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்பார் இவர். ஒரு நாளும் தலையை நிமிர்த்திச் சொன்னதில்லை. அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போவாள்.

பந்து வேலை தொடங்கியது. தாளை முழுசாகச் சுற்றினால்தானே சுருக்கம் விழுகிறது, கிழித்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். கட்டைவிரல் அகலத் துண்டு ஒன்றைப் பழத்தின்மேல் ஒட்டினேன். படிந்து உட்கார்ந்துகொண்டது. இன்னும் சின்னதாகக் கிழித்தால் இன்னும் நன்றாகப் படிந்தது. துண்டு சின்னதானால் வளைவதே அதற்குத் தெரிவதில்லை. சிறு வயதில் அப்பாவிடம் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அச்சுக்குப் பம்ப்ளிமாஸ் பழம். கோயிலுக்குக் கீழே இரண்டு மரம் நின்றது. பழத்தின்மேல் தேங்காயெண்ணெய் தடவி, முதல் சுற்றுத் துண்டுகளை வெறும் தண்ணீரில் நனைத்து ஒட்ட வேண்டும். அடுத்த சுற்றுகளைக் கஞ்சியில் தோய்த்து ஒட்ட வேண்டும். காய்ந்ததும் கத்தியால் நடுவில் வகிர்ந்து பழத்தை எடுத்துவிட்டு, இரண்டு கிண்ணங்களையும் பொருத்தி மறுபடியும் ஒட்டினால் பந்து. தாளுக்குப் பஞ்சமில்லை. மருந்துப் பெட்டிகளில் திணித்து வரும் இங்கிலீஷ் பத்திரிகைகள் இருந்தன. கஞ்சிதான் போதவில்லை. வீட்டிலிருந்து ஆளுக்கொரு சிரட்டை வடிகஞ்சி கொண்டுவரச் சொன்னேன்.

பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா? முழங்கை வரை கஞ்சி, மூக்கில் கஞ்சி. ஒருவன் தன் தம்பியின் மண்டையில் துண்டு ஒட்டி இதுவும் உருண்டைதானே என்று என்னிடம் வழக்குக்கு வந்தான். பழத்தை எப்போது எடுப்பீர்கள், எடுத்தால் யாருக்குக் கொடுப்பீர்கள் என்பதுதான் மற்றவர்களின் கவலை. வாரக்கடைசியில் வராந்தா உத்திரத்தில் வரிசையாகப் பந்துகள் தொங்கின. காய வேண்டியதுதான் பாக்கி.

காயவில்லை. ஒரு வாரம் போயிற்று, காயவில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது, மழை விட்டபோது மூடுபனி ஏறி வந்தது. தொட்டால் விரல் பதிந்தது. பழங்கள் உள்ளேயே அழுகி வாடை கிளம்பியது. டீமேக்கரிடம் கெஞ்சி, தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு மூலையில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அங்கே அனல்காற்று அடிக்கும். காய்ந்தமாதிரி இருந்தது, வெளியே கொண்டுவந்த மறுநாளே பழையபடி பிசுபிசுத்தது. இரண்டாம் தடவை கேட்டபோது டீமேக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். "அழுகின வாடைய தேயில இழுத்துக்கிச்சுன்னா தொர என் தோல உரிச்சிருவாரும்மா. ஆள விடுங்க."

ஆனால் ஒரு பந்து மட்டும் காய்ந்திருந்தது. அந்தப் புதிய பெண்ணுடையது. விரலால் சுண்டினால் டொக்கென்று மரம் மாதிரி சத்தம் கொடுத்தது. அதே தாள், அதே மரத்துப் பழம், அதே உத்திரம். இன்னொன்று செய்யச் சொன்னேன். அதுவும் காய்ந்தது.

பிள்ளைகள் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். "அவங்க வீட்ல ஆத்தா எறங்கியிருக்கா. தங்கச்சி மேல இருக்கால்ல, அதான்" என்றான் ஒருவன். சிலர் அவள் பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் அவளை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆத்தாவுக்குப் பந்து காயவைப்பதா வேலை என்று ஒரு சத்தம் போட்டேன். ஆனால் சத்தம் போட்டால் காரணம் தெரிந்துவிடாதே. அவள் பந்தை அவன் இடத்தில் மாட்டினேன், அவன் பந்தை அவள் இடத்தில் மாட்டினேன். அவள் துண்டுகளை எப்படிக் கிழிக்கிறாள், எத்தனை சுற்று ஒட்டுகிறாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் மற்றவர்கள் மாதிரியேதான். இவர் சாப்பிட உட்கார்ந்தால்கூட அதே பேச்சு. "பந்து காயுதோ இல்லையோ, என் வயிறு காயுது" என்றார்.

அப்படி ஒரு நாள் அவருக்குச் சோறு போடும்போது உப்புச் சாடியில் கையை விட்டேன். கல்லுப்பு தண்ணீர் விட்டுக் கிடந்தது. பனி நாட்களில் எப்போதும் அப்படித்தான். கையை எடுக்காமல் நின்றேன். பிறகு சோற்றை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடி, காயாத பந்து ஒன்றை எட்டிப் பிடித்து நாக்கால் நக்கினேன்.

"டாக்டரம்மா பந்த நக்குறாங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. நக்கினால் நக்கிவிட்டுப் போகிறேன். கரித்தது. அடுத்ததும் கரித்தது. அந்தப் பெண்ணின் பந்தை நக்கினேன், சப்பென்று இருந்தது.

வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் உலை வைக்கும்போதே உப்புப் போட்டுவிடுவார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். எங்கள் கடைத்தெரு வீடுகளில் சோற்றுக்கு உப்பு கிடையாது, இலை ஓரத்தில் வைப்பதோடு சரி. அதனால் வடிகஞ்சியில் உப்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கஞ்சி உப்பு தாளில் ஏறி, பனியில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தது. இவரிடம் போய்ச் சொன்னேன். "ஆமா, உப்பு ஈரத்த இழுக்கும். என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் தடவை சோறு போடவில்லை.

ஒரு முடிச்சு அவிழ்ந்தால் இன்னொன்று வருகிறது. அவள் வீட்டுக் கஞ்சியில் மட்டும் ஏன் உப்பில்லை? மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா ஒலைக்கு உப்புப் போடாதுங்க" என்றாள். "தங்கச்சி வந்து சேர்ற வரைக்கும் உப்பு தொடமாட்டேன்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிச்சு. கேம்புல இருந்து பொறப்பட்ட அன்னிக்கு."

"நீயும் அப்பாவும்?"

"நாங்களும் அதத்தான் சாப்புடுறோம். அப்பா மட்டும் அம்மா அந்தப் பக்கம் போனதும் கருவாட்டக் கடிச்சிக்குவாரு."

சிரித்தேன். அப்புறம்தான் அவள் அம்மாவின் உடம்பு நினைவுக்கு வந்தது. விடியக் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, கூடையைச் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறி இறங்குகிற உடம்பு. அது மார்கழியிலிருந்து உப்பில்லாத சோற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் சன்னலில் நிற்கிறவளை அதுவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். கன்னத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

பிள்ளைகளிடம் அந்த விரதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சோறு வெந்த பிறகு உப்புப் போடட்டும், அதற்கு முன்னால் ஒரு கரண்டி சோறும் தண்ணீருமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதைக் கடைந்து கொண்டுவந்தால் போதும் என்றேன். டாக்டரம்மாவுக்கு உப்பைக் கண்டால் ஆகவில்லை போலிருக்கிறது என்று லயத்தில் சிரித்துக்கொண்டார்களாம். இருந்தாலும் எடுத்து வைத்தார்கள். காலையில் ஒவ்வொரு சிரட்டையிலும் விரலை வைத்து ருசி பார்த்த பிறகுதான் வேலைக்கு விடுவேன். உப்புக் கஞ்சி கொண்டுவந்தவன் அன்றைக்குத் தாள் கிழிக்க மட்டும்தான் லாயக்கு. பந்துகள் காய்ந்தன. பதுளையிலிருந்து என் அண்ணன் மாட்டு வண்டியில் அனுப்பிய வர்ணத்தாளை மேலே ஒட்டினோம். பெரிய கங்காணி வந்து ஒன்றைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டி, உள்ளே சட்டம் இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை என்றதும் இருப்பதை எண்ணி எடுத்துப் போக ஆள் அனுப்பி, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றும் சொல்லிவிட்டார்.

திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது, வழக்கம்போல் சிரட்டைகளில் விரல் வைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்ணின் சிரட்டையில் வைத்ததும் திடுக்கிட்டேன். உப்பு. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கரித்தது.

"நேத்து யாரு ஒல வச்சா?"

"அப்பாங்க. நானே வைக்கிறேன்னாரு. சோத்துல உப்பு இருந்துச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "தங்கச்சி வருதுங்களா?"

எனக்கும் அதுதான் தோன்றியது. வேறென்ன தோன்றும்? சேதி வந்திருக்கிறது, கூட்டம் புறப்பட்டுவிட்டது, நேர்த்தி தீர்ந்தது. இரு, கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். டாக்டரையா வீட்டு அம்மா லயத்துப் பக்கம் போகிற வழக்கம் கிடையாது. போனால் இவருக்கு நாலு பேச்சு வரும். அதையெல்லாம் யார் நினைத்தது? ஆண்களுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து, சின்னவளுக்கென்று முந்தானையில் கற்கண்டு முடிந்துகொண்டு இறங்கினேன். அவள் எந்தப் பக்கத்துச் சாடை என்று யோசித்துக்கொண்டே போனேன். அம்மைத் தழும்புக்கு என்ன பூசலாம் என்று இவரிடம் கேட்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

தகப்பன் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தார்.

"சின்னவ வந்துட்டு இருக்காளா? எப்ப வந்து சேருவா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

அவர் துண்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். "வரமாட்டாங்கம்மா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம பசறச் சந்தைக்குப் போனேங்க" என்றார். "பக்கத்துத் தோட்டத்துக்குப் புதுசா வந்தவுங்க நின்னாங்க. அதே கேம்புல இருந்தவுங்க. அவுங்கதான் சொன்னாங்க. ஆத்தா கொண்டுக்கிட்டாளாம். எங்க அக்கா ஊருக்கே திரும்பிப் போயிட்டாளாம்."

"வீட்ல சொல்லலையா?"

"எப்புடிங்க சொல்றது? வாய் வரைக்கும் வருது, அதுக்கு மேல வரல. அது பாட்டுக்கு உப்பில்லாம தின்னுக்கிட்டு மலைக்குப் போகுது. இனிமே யாருக்காக அது அப்புடிக் கெடக்கணும்? பாத்துக்கிட்டு இருக்க முடியல. நேத்து நானே ஒல வச்சு உப்ப அள்ளிப் போட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைங்க. சாப்புட்டுட்டுத் தட்டக் கழுவி வச்சிருச்சு." துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுததைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வந்த வழியே ஏறினேன். வராந்தாவில் பெரியவள் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டில் இல்லை என்று பொய் சொன்னேன்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்ததும் அந்தத் தாய் வந்தாள். இவர் பழக்கத்தில் "இன்னும் இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். அவள் சன்னலில் நிற்காமல் நேராக வராந்தாவுக்கு வந்தாள். மகள் கை கழுவ, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போயிருந்தாள். நான் தாயின் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் பேசினாள்.

"நீங்க லயத்துக்கு வந்துட்டுப் போனதா சொன்னாங்கம்மா."

"ம்" என்றேன்.

"அவரு உப்புப் போடுறத நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவ போட்டாரு. கொஞ்ச நேரம் நின்னாரு. போட்டத மறந்துட்டு மறுபடியும் போட்டாரு." கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டாள். "வாயில வைக்க முடியலைங்க, அப்புடிக் கரிச்சுச்சு. மிச்சம் வச்சா ஏன் உப்புப் போட்டீங்கன்னு நான் கேக்கணும், கேட்டா அவரு வாயால சொல்லணும். அதான் பூராத்தையும் தின்னுட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு முன் லயத்து ஆள் யாருடைய கையையும் நான் பிடித்ததில்லை. கொழுந்துக் கறை ஏறிச் சொரசொரவென்று இருந்தது. நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. "பெரியவகிட்ட இன்னும் சொல்லலைங்க, திருவிழா முடியட்டும்" என்றாள்.

மகள் ஈரக் கையை உதறியபடி வந்தாள். தாய் கூடையைக் கழற்றி வராந்தாவிலேயே வைத்துவிட்டுக் குனிந்து மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எறக்கி விடும்மா, நான் நடப்பேன்ல" என்றாள் அந்தப் பெண், மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில். தாய் இறக்கிவிடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கி இடித்துக்கொண்டே வர, லயம் வரைக்கும் தூக்கிக்கொண்டே நடந்தாள்.